18 கிலோ தாங்குமாம்: கிம்பல் ஹெட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பெரிய டெலி லென்ஸ் வைத்துப் பறவை, விலங்கு எடுக்கிறவர்கள் யாராவது விலை குறைந்த கிம்பல் ஹெட் (கனமான லென்ஸை ட்ரைபாட்டின் மேல் தாங்கி, லேசாகத் திருப்ப விடும் தலைப்பகுதி) தேடிக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் நான் வாங்கியது, பெயர் பெற்ற ஹெட்களின் விலையில் நாலில் ஒரு பங்குகூட வராது. விலை குறைவாக இருந்தது என் புகார் இல்லை. விலை குறைந்தாலும் ஒழுங்காக வேலை செய்யும் ஹெட்கள் உண்டு. இப்போது அப்படி ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். விளம்பரத்தில் எழுதியிருந்த பொருள் வேறு, பெட்டிக்குள் இருந்த பொருள் வேறு. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்த இழுபறி தனிக்கதை.

விற்றவர் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. இதே ஹெட் நாலைந்து பெயர்களில், திருகின் நிறத்தை மட்டும் மாற்றி விற்பனையில் இருக்கிறது. ஒரு பெயரைச் சொன்னால், அதை ஒதுக்கிவிட்டு இன்னொரு பெயரில் இதையே வாங்கிவிடுவீர்கள். பெயரைவிட அறிகுறிகளைத் தெரிந்துகொள்வது உதவும்.

விளம்பரத்தில் இருந்தவை இவை: கார்பன் ஃபைபர் கை, சிஎன்சி கடைசல் (கணினி இயக்கும் எந்திரத்தில் துல்லியமாகச் செதுக்குவது), இரண்டு அச்சிலும் பேரிங், எல்லா அர்கா ஸ்விஸ் பிளேட்டுக்கும் (லென்ஸின் அடியில் மாட்டும் தட்டு) பொருந்தும் கிளாம்ப் (அந்தத் தட்டைக் கவ்வும் பிடி), 18 கிலோ தாங்கும் திறன். கடைசியாகச் சொன்ன எண்தான் படத்தின் மேல் கொட்டை எழுத்தில் இருந்தது.

அந்த எண்ணையே முதலில் எடுத்துக்கொள்வோம். சிக்மா 150-600 கன்டெம்ப்ரரி லென்ஸ் 1930 கிராம். சோனி 200-600 லென்ஸ் 2115 கிராம். கேனான் இஎஃப் 600 எஃப்/4 இரண்டாம் பதிப்பு, நம்மில் பலர் ஏக்கத்தோடு பார்ப்பது, அதுவே 3920 கிராம்தான். எவ்வளவு கனமான கேமராவை மாட்டினாலும் மொத்தம் ஐந்தரை கிலோவைத் தாண்டுவது அபூர்வம். அப்புறம் 18 கிலோ யாருக்கு? எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி சோதித்துப் போடும் எண்ணும் இல்லை இது. இரும்புக்கட்டியை ஏற்றி ‘உடையவில்லை’ என்று பார்த்தாலும் 18 கிலோ என்று போட்டுக்கொள்ளலாம். அவ்வளவு எடைக்கு என் ஹெட் உடையாது என்று நானே சாட்சி சொல்வேன். ஆனால் கிம்பல் ஹெட்டின் வேலை சுமப்பது மட்டும் இல்லை, சுழல்வது.

ஏன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். பந்து மூட்டில் திரும்பும் பால் ஹெட்டில் லென்ஸின் எடை முழுவதும் பந்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பூட்டைத் தளர்த்தினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். கிம்பலில் கை மேலே எழும்பி, லென்ஸை ஊஞ்சல் பலகைபோல் அச்சுக்குக் கீழே இருந்து தாங்குகிறது. லென்ஸும் கேமராவும் சேர்ந்த எடையின் மையத்தை அந்த அச்சின் மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டால், எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். பூட்டவே வேண்டாம். ஒரு விரலால் தள்ளினால் பறக்கும் பருந்தோடு கூடவே போகும். ஆக இந்தப் பொருளின் உயிர் இரண்டு சுழலும் மூட்டுகளில் இருக்கிறது. படத்தில் காட்ட முடியாத இடமும் அதுதான். மோசடி நுழையும் இடமும் அதுவே.

எனக்கு வந்த ஹெட்டைக் கையில் எடுத்துச் சுற்றியபோது வெண்ணெய் மாதிரிச் சுழன்றது. யாரும் ஏமாந்துவிடலாம். லென்ஸை ஏற்றிய பிறகுதான் குணம் தெரிந்தது. கிடைமட்டமாகத் திருப்பினால் முதலில் நகர மறுக்கும். கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று விடுபட்டு, வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். வேகமாகப் பறக்கும் பறவைக்கு ஒருவேளை சமாளிக்கலாம். மெதுவாக நடக்கும் கொக்கைப் பின்தொடர்ந்து பாருங்கள், ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் கொக்கு இருக்கும். போதாக்குறைக்கு, கிடைமட்டமாகத் திரும்பும் அந்தப் பேன் மூட்டு இறுகிப் பிடிக்கும் இடத்தில் இடப்பக்கமாகத் திருப்பினால் ஹெட்டே ட்ரைபாட்டிலிருந்து கழலத் தொடங்கியது. ஹெட்டை ட்ரைபாட்டில் பிடித்திருப்பது 3/8 அங்குலத் திருகு ஒன்றுதான். மூட்டு சுழலாவிட்டால் அந்தத் திருகு சுழலும். இதைக் கவனிக்காமல் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மேலும் கீழும் ஆடும் மூட்டில் வேறு வியாதி, ஆட்டம். லென்ஸின் முனையைப் பிடித்து அசைத்தால் ‘டக் டக்’ என்று கைக்குத் தெரிகிற அளவுக்கு. சின்ன ஆட்டம்தானே என்று விட முடியாது. 600 மில்லிமீட்டரில், ஃபுல் ஃபிரேம் கேமராவில், 50 மீட்டர் தூரத்தில் உங்கள் படச் சட்டத்துக்குள் வரும் அகலம் 3 மீட்டர். மூட்டில் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு ஆட்டம் இருந்தால், அந்தத் தூரத்தில் அது ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். சிட்டுக்குருவியின் உடல் நீளத்தில் பாதிக்கு மேல். பறவையின் கண்ணில் ஃபோகஸ் புள்ளியை வைத்து, அந்த மூட்டைப் பூட்டும் டில்ட் திருகை இறுக்கினேன். இறுக்கும்போதே சட்டம் கீழே இறங்கி, புள்ளி காலில் வந்து நின்றது. ஒவ்வொரு முறையும்.

அடுத்தது கிளாம்ப். இதற்காகத்தான் எச்சரிக்கை என்று தலையில் அடித்துக்கொண்டு எழுதுகிறேன். அர்கா ஸ்விஸ் வகைப் பிளேட் சுமார் 38 மில்லிமீட்டர் அகலம் என்பது பொதுவான வழக்கம். எல்லாரையும் கட்டுப்படுத்தும் அதிகாரபூர்வ அளவு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் கொஞ்சம் கூடும், குறையும். நல்ல திருகு கிளாம்ப் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். இந்த ஹெட்டில் கூட வந்த பிளேட்டை வைத்தால் பிடித்தது. என் லென்ஸின் ஃபுட்டில் (லென்ஸை ட்ரைபாட்டில் மாட்டும் கால்) ஏற்கெனவே இருந்த பிளேட்டை வைத்தபோது, திருகு கடைசி வரை இறங்கிவிட்டது, இனி சுற்ற இடமில்லை, ஆனால் பிளேட் இன்னும் முன்னும் பின்னும் நகர்ந்தது. ‘எல்லாப் பிளேட்டுக்கும் பொருந்தும்’. சரி, அவர்கள் பிளேட்டையே போடுவோம் என்று மாற்றினால், அதன் இரு முனைகளிலும் இருக்க வேண்டிய பாதுகாப்புத் திருகுகள் இல்லை. அதற்கான துளைகூடப் போடவில்லை. கிளாம்ப் தளர்ந்தாலும் லென்ஸ் வழுக்கி விழாமல் தடுப்பவை அந்தக் குட்டித் திருகுகள்தான். மரத்தின் மேல் இருந்த பறவைக்காக லென்ஸை அண்ணாந்து வைத்தபோது மொத்தமும் பின்பக்கமாக வழுக்கியது. கேமராவின் பிடியில் கை இருந்ததால் தப்பியது. ஹெட்டின் விலையைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருளை அதன் மேல் ஏற்றுகிறோம்.

கார்பன் ஃபைபர் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லென்ஸ் ஃபுட் உரசிய இடத்தில் கறுப்புப் பின்னல் தோல்போல உரிந்தது. உள்ளே வெள்ளி நிறத்தில் அலுமினிய வார்ப்பு. பின்னல், மேலே ஒட்டிய படலம். அலுமினியக் கை ஒன்றும் குறை இல்லை, நல்ல ஹெட்கள் பலவும் அலுமினியம்தான். அலுமினியம் என்றே சொல்லி விற்றிருக்கலாமே.

இனி விற்றவரோடு நடந்தது. திருப்பி அனுப்பும் அவகாசத்துக்குள்ளேயே எழுதினேன். முதல் பதில்: “புதிய பொருள் இறுக்கமாகத்தான் இருக்கும், பயன்படுத்தப் பயன்படுத்தச் சரியாகும்.” ஆட்டம் பயன்படுத்தப் பயன்படுத்தக் கூடுமே தவிரக் குறையுமா? இரண்டாம் பதிலில் வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். பக்கவாட்டிலிருந்து இன்னொன்று, அனுப்பினேன். தொடர் எண் தெரியும்படி இன்னொன்று. ஹெட்டில் தொடர் எண்ணே இல்லை என்றதும் “தொழில்நுட்பக் குழுவிடம் கேட்டுச் சொல்கிறோம்” என்று மௌனம். அவகாசம் முடிந்த மறுநாள் பதில் வந்தது: உங்கள் லென்ஸ் இந்த ஹெட்டுக்குக் கனம் அதிகம். இரண்டு கிலோ சொச்சம் லென்ஸ், பதினெட்டு கிலோ ஹெட்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் நைலான் வாஷர் ஒன்று, அதைச் சுற்றிக் கட்டியான கிரீஸ். கையில் சுற்றும்போது வெண்ணெய் மாதிரி இருந்ததற்குக் காரணம் அந்த கிரீஸ்தான். எடை ஏறியதும் வாஷர் நசுங்கிப் பிடித்துக்கொள்கிறது. உலோகம் உட்காரும் பள்ளத்தின் ஓரமெல்லாம் பிசிறு. சிஎன்சி கடைசலின் லட்சணம் அது. படம் எடுத்து அனுப்பினேன். “பிரித்ததால் உத்தரவாதம் செல்லாது” என்றார்கள்.

நான் ஒற்றை நட்சத்திரம் போட்டு விவரமாக எழுதிய பின் திடீரென்று பாசம் பொங்கியது. விமர்சனத்தை எடுத்துவிட்டால் விலையில் ஒரு பகுதியைத் தருகிறோம் என்றார்கள். அப்போதுதான் அந்தப் பக்கத்தின் பழைய விமர்சனங்களை உட்கார்ந்து படித்தேன். ‘என் மொபைலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது’ என்கிறது ஒன்று. ‘வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது’ என்கிறது இன்னொன்று. கிம்பல் ஹெட்டில் ஏது வெளிச்சம்? வேறு ஏதோ பொருளுக்கு வந்த நட்சத்திரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சராசரி நட்சத்திரத்தை நம்பாதீர்கள், வாசகங்களைப் படியுங்கள், பழையவற்றிலிருந்து படியுங்கள்.

பணம் திரும்பி வந்தது, ஆனால் விற்றவரிடமிருந்து இல்லை. கார்டு கொடுத்த வங்கியில் ‘விளம்பரத்தில் சொன்ன பொருள் இது இல்லை’ என்று முறையிட்டேன். அங்கே என்னைக் காப்பாற்றியது ஸ்கிரீன்ஷாட். வாங்கும்போதே பொருளின் பக்கம் முழுவதையும் சேமித்து வைப்பது என் வழக்கம். தகராறு தொடங்கிய பிறகு அந்தப் பக்கத்தில் ‘பேரிங்’ என்ற சொல் காணாமல் போய், ‘மென்மையான சுழற்சி’ என்று ஆகியிருந்தது. பழைய பக்கமும் வாஷர் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் வங்கிக்கு விளக்கம் சொல்லவே தேவைப்படவில்லை. அரட்டைப் பெட்டியில் பேசியதையும் சேமித்து வையுங்கள். ஃபோனில் பேசக் கூப்பிட்டால் போகாதீர்கள், எழுத்திலேயே பேசுங்கள்.

எந்த விலையில் வாங்கினாலும், பெட்டி வந்த அன்றே லென்ஸை ஏற்றிப் பாருங்கள். டில்ட் திருகைத் தளர்த்தி, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திச் சமமாக நிற்க வையுங்கள். ஜூம் நீளும் லென்ஸ் என்றால் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நீளத்தில் வைத்துச் செய்யுங்கள், ஏனென்றால் குழல் வெளியே வந்தால் எடையின் மையமும் முன்னே போகும். சோனி 200-600 போல உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும் லென்ஸில் இந்தத் தொல்லை குறைவு. பிறகு 45 டிகிரி மேலே தூக்கி விடுங்கள், கீழே சாய்த்து விடுங்கள். விட்ட இடத்தில் நின்றால் சரி. இன்னும் சாய்ந்துகொண்டே போனால் எடையின் மையம் அச்சுக்கு மேலே இருக்கிறது, லென்ஸ் உட்காரும் பலகையை இறக்க வேண்டும். தானாகச் சமநிலைக்குத் திரும்பினால் ஏற்ற வேண்டும். பலகையை ஏற்றி இறக்கவே வழியில்லாத ஹெட்டாக இருந்து, உங்கள் லென்ஸுக்கு அந்த உயரம் ஒத்துவரவில்லை என்றால், அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து கேமராத் திரையில், லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, தூரத்தில் ஏதாவது எழுத்தைப் பாருங்கள். மிக மெதுவாகத் திருப்பினால் எழுத்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும், குதிக்கக் கூடாது. திருகை இறுக்கும்போது எழுத்து நகரக் கூடாது. லென்ஸ் ஹூடை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள், அதிர்வு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நண்பர்களிடம் நல்ல ஹெட் இருந்தால் இரண்டிலும் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும். இதையெல்லாம் வீடியோவாக எடுத்து வைத்துவிட்டால், பிறகு விற்றவர் வீடியோ கேட்டு நாளைக் கடத்த முடியாது.

குறைந்த விலையில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: எடையை விட்டுக்கொடுக்கலாம். பெயர் பெற்ற விம்பர்லி நிறுவனத்தின் இரண்டாம் பதிப்பு ஹெட்டே 1.4 கிலோவுக்கு மேல், மலிவானது கூடுதலாக 200, 300 கிராம் இருந்தால் முதுகு பழகிக்கொள்ளும். பெயின்ட், பை, டிகிரிக் கோடு, எல்லாம் போகட்டும். பேரிங்கையும் கிளாம்பையும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களிடம் உறுதியான பால் ஹெட் ஏற்கெனவே இருந்தால், அதன் தண்டைப் பக்கவாட்டுப் பள்ளத்தில் சாய்த்து, அதன் கிளாம்பில் மாட்டும் சைடுகிக் வகைக் கை இன்னும் மலிவான வழி. இரண்டு கிலோ லென்ஸுக்கு அது போதும். 600 எஃப்/4 மாதிரிப் பெரியதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த ஹெட்டையே ஏற்கெனவே வாங்கி, அவகாசமும் தாண்டிவிட்டது என்றால் கிளாம்பை மட்டுமாவது மாற்றுங்கள். பெரும்பாலும் அடியில் ஒரே ஒரு போல்ட்டில்தான் பிடித்திருக்கும், நல்ல திருகு கிளாம்ப் தனியாகவே கிடைக்கிறது. முனையில் பாதுகாப்புத் திருகு உள்ள பிளேட்டும் வாங்கிப் போடுங்கள். ட்ரைபாட்டின் மேல்தட்டில் அடியிலிருந்து இறுக்கும் செட் ஸ்க்ரூ (ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் குட்டித் திருகு) இருந்தால் அதை இறுக்கிவிடுங்கள், ஹெட் கழலாது. இடம் மாறும்போது லென்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பேன் மூட்டுக்கு மட்டும் மருந்து கிடையாது. கட்டி கிரீஸைத் துடைத்து மெல்லியதாகப் போட்டுப் பார்த்தேன், குதிப்பு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.