டிவிடி டிரைவ் போச்சு என்று சொல்லி ஏமாற்றினார்கள்: லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

போன மாதம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் 2,750 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணத்தைக்கூட விட்டுவிடலாம். அப்பா ஆறு வருடமாகக் குறித்துவைத்த சர்க்கரை, பிரஷர் கணக்கையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னொருவருக்கு இப்படி ஆகக் கூடாது என்று நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முதுகுத்தண்டில் பழைய தொந்தரவு உண்டு. புதிதாகப் பார்க்கும் டாக்டர், "2016-லயும் 2019-லயும் எடுத்த எம்ஆர்ஐ சிடி இருந்தா கொண்டுவாங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்றார். அப்பாயின்ட்மென்ட் திங்கட்கிழமை. சிடிகள் நான்கும் பீரோவில் பத்திரமாக இருந்தன. என் லேப்டாப்பில் சிடி போட வழியில்லை. அப்பா ரூமில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில்தான் டிரைவ் இருக்கிறது. அதற்கு மானிட்டர் கிடையாது. அத்தை மகன் வெளிநாடு போவதற்கு முன் அதில் விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத்தான், அதாவது நெட்வொர்க் மூலம் இன்னொரு கம்ப்யூட்டரில் லாகின் செய்துதான், உள்ளே போவோம். அப்பா பேரில் உள்ள அக்கவுண்ட் இன்ஸ்டால் செய்யும்போதே போட்டது. என் அக்கவுண்டை அவன் பிறகு தனியாகச் சேர்த்தான். பின்னால் இதுதான் முக்கியமாகிறது.

சிடியைப் போட்டு, அவன் நோட்டில் எழுதிக் கொடுத்த கட்டளையால் காப்பி எடுக்கப் பார்த்தேன். திரையில் 'பர்மிஷன் டினைட்', அதாவது அனுமதி இல்லை, என்று வந்தது. நான்கு சிடிக்கும் அதே பதில். போனில் படம் பிடித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் படத்தைப் பார்க்கவில்லை. டிரே திறந்து மூடுவதை மட்டும் பார்த்துவிட்டு, "லென்ஸ் போச்சு சார், மாத்தணும்" என்றார். புது டிரைவ் 1,850 ரூபாய். சாயந்திரம் போன் செய்து, "லினக்ஸ்ல இதெல்லாம் சரியா வராது சார், விண்டோஸ் போட்டாத்தான் எடுக்கும், 900 ஆகும்" என்றார். திங்கட்கிழமை தலைக்கு மேல் நின்றது. சரி என்றேன். "உள்ளே இருக்கிற ஃபைல் எல்லாம் அப்படியே இருக்குமா?" என்று கேட்டேன். "எல்லாம் இருக்கும் சார்" என்றார். சனிக்கிழமை போனபோது கவுண்டரிலேயே ஒரு பாட்டு சிடியைப் போட்டு ஓடவிட்டுக் காட்டினார். ஓடியது. பணம் கொடுத்தேன். பில் ஒரு துண்டுச் சீட்டில் வந்தது. அதில் ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, டிரைவின் சீரியல் நம்பரும் இல்லை.

வீட்டில் ஹால் டிவியோடு இணைத்துப் பார்த்தால், விண்டோஸைத் தவிர ஹார்ட் டிஸ்க் காலி.

அன்று ராத்திரி அத்தை மகனைக் கூப்பிட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "அத்தான், திரையில என்ன வந்துச்சு? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க." போனில் இருந்த படத்தை அனுப்பினேன். பார்த்ததும் சொன்னான்: "டிரைவ் கெட்டிருந்தா பர்மிஷன்னு வராது. இது லினக்ஸ் உங்களைத் தடுத்தது. கடைக்காரர் உங்ககிட்ட பாஸ்வேர்டு கேட்டாரா?"

கேட்கவே இல்லை. அதாவது எங்கள் லினக்ஸுக்குள் யாரும் நுழைந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்காமலே டிரைவுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

பெட்டியைக் கழற்றச் சொன்னான். அந்தப் 'புது' டிரைவின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் தயாரிப்பு வருடம் 2011. திருகுகளின் தலையெல்லாம் தேய்ந்திருந்தது. மறுநாள் காலை கடை திறந்ததும் போய் என் பழைய டிரைவைக் கேட்டேன். "ஸ்க்ராப்ல போட்டாச்சு சார்" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் ஏழெட்டு டிரைவுகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றின் முகப்பில் பாதி கிழிந்த வேல் ஸ்டிக்கர். அப்பா ஒட்டியது. அதன் மேலேயே '900' என்று விலைச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். கை நீட்டிக் காட்டினேன். பேசாமல் எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் சத்தம் போட்ட பிறகு 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். மீதி வரவில்லை.

பழைய டிரைவை மாட்டி, ஹார்ட் டிஸ்கில் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் டெபியன் லைவை பென்டிரைவிலிருந்து ஓடவிட்டேன். சிடி உடனே திறந்தது. டிரைவ் ஒரு நாளும் கெடவில்லை.

அத்தை மகன் சொல்லித் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன். லினக்ஸில் சிடி, டிவிடி டிரைவ் வழக்கமாக 'டெவ்' ஃபோல்டருக்குள் எஸ்ஆர்0 என்ற பெயரில் ஒரு ஃபைலாக இருக்கும். டெபியனிலும் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸிலும் அதன் உரிமையாளர் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி அக்கவுண்ட்), அதைப் பயன்படுத்த அனுமதி உள்ள குழு 'சிடிராம்'. ஆர்ச் வகை லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் 'ஆப்டிகல்'. குழுவில் இல்லாதவர் நேராக அந்த ஃபைலைத் திறக்க முடியாது. டெபியன் இன்ஸ்டால் செய்யும்போது உருவாகும் முதல் அக்கவுண்ட் தானாகவே சிடிராம் குழுவில் சேர்ந்துவிடும். பிறகு சேர்க்கிற அக்கவுண்ட் அப்படிச் சேராது. என் கதை இதுதான்.

அப்படியானால் பலருக்கு இந்தச் சிக்கல் ஏன் வருவதில்லை? கம்ப்யூட்டர் முன்னால் நேரில் உட்கார்ந்து லாகின் செய்பவருக்கு, லினக்ஸின் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி அந்த நேரத்துக்கு மட்டும் தனி அனுமதி கொடுக்கிறது. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை மைனஸ் எல் சேர்த்து அந்த எஸ்ஆர்0 ஃபைலுக்குக் கொடுத்தால், அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரியுமே, பெரும்பாலும் அதற்காகத்தான். எஸ்எஸ்எச் வழியாக வருபவருக்கு அந்த அனுமதி கிடைக்காது. கடையில் மானிட்டரை மாட்டி ஒரு தடவை லாகின் செய்திருந்தாலே சிடி படித்திருக்கும்.

சரிசெய்ய ஒரே ஒரு கட்டளை: சூடோவோடு (ரூட் அதிகாரத்தில் ஓடவிடுவது) யூசர்மாட், அதற்கு ஒரு மைனஸ் குறியோடு சின்ன ஏ, பெரிய ஜி சேர்த்து, பிறகு சிடிராம், பிறகு உங்கள் யூசர் பெயர். அந்தச் சின்ன ஏ-யை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் இருக்கும் மற்றக் கூடுதல் குழுக்களிலிருந்து, சூடோ உட்பட, வெளியே தள்ளிவிடும். பிறகு லாக் அவுட் செய்துவிட்டுத் திரும்ப உள்ளே வர வேண்டும். அதுவரை பழைய நிலைதான் இருக்கும். சிலர் ஃபைலின் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையைப் போட்டு எல்லாருக்கும் திறந்துவிடச் சொல்வார்கள். ரீஸ்டார்ட் ஆனதும், இந்த டிரைவ் ஃபைல்களை நிர்வகிக்கும் யூடெவ் பழைய அனுமதியையே திரும்பப் போட்டுவிடும். வீண் வேலை.

திரையில் வரும் வார்த்தையை அப்படியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 'பர்மிஷன் டினைட்' என்றால் முதலில் குழுவைப் பாருங்கள். 'நோ மீடியம் ஃபவுண்ட்' என்றால் உள்ளே சிடி இருப்பதே டிரைவுக்குத் தெரியவில்லை. வேறு சிடி போட்டுப் பார்த்துவிட்டு லென்ஸைச் சந்தேகப்படலாம். 'இன்புட் அவுட்புட் எரர்' என்றால் சிடியில் கீறலா, கேபிளா, லென்ஸா என்று பார்க்க வேண்டும். எங்கள் நான்காவது சிடிக்கு நிஜமாகவே இந்த மூன்றாவது பதில்தான் வந்தது. அதில் ஆழமான கீறல். மற்ற மூன்றும் முழுதாக வந்துவிட்டன. திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார்.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் டிரைவின் லேபிளையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாலும் தவறில்லை; டிரைவைச் சோதிக்க அது தேவையே இல்லை. மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அழிந்த டிஸ்கில் எதையும் மேலே எழுதாமல், போட்டோரெக் மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டு வேறொரு டிஸ்கில் மீட்டோம். ஃபைல்களின் பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்ததில் அப்பாவின் கணக்கு 2021 வரை கிடைத்தது. அதற்குப் பிறகானவற்றை லேப் சீட்டுகளைப் பார்த்து அப்பா மறுபடி டைப் செய்துகொண்டிருக்கிறார். நேற்று 2022 மார்ச் வரை வந்திருந்தார்.