ஓடும் கம்பியா, கோழிக்கடையா? தெற்கு பிரேசிலில் குடும்பத்தோடு ஒரு ஞாயிறு மதியம்

வேலை என்று காஷியாஸ் டோ சுல் ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, மச்சினன் வந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் ஒரே கேள்விதான்: மதியம் எங்கே சாப்பாடு? ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில், அதுவும் இந்த மலைப்பக்கத்தில், இதற்கு இரண்டே பதில். ஒன்று, கம்பியில் குத்திச் சுட்ட மாட்டிறைச்சியை மேசை மேசையாகக் கொண்டுவந்து அறுத்துப் போடும் கடை. மற்ற மாநிலங்களில் இதை ‘ஹோடீசியோ’ என்பார்கள் (எழுதுவது ‘ர’, வாயில் வருவது ‘ஹ’), இங்கே ‘எஸ்பெட்டோ கொஹீடோ’, ஓடும் கம்பி. இன்னொன்று, இத்தாலியர்கள் குடியேறிய வழியில் வந்த கோழிக்கடை, ‘கலெட்டேரியா’. இரண்டிலும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே காசு, வயிறு கொள்ளும்வரை சாப்பிடலாம், பானங்களும் பத்து சதவீத சர்வீஸும் தனி. நான் போன இடங்களில் கோழிக்கடைதான் விலை குறைவு, ஆனால் அதற்காக மட்டும் நான் அந்தப் பக்கம் சாயவில்லை.

தட்டை எடை போட்டுக் காசு வாங்கும் ‘போர் கீலோ’ கடைகளை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. வாரநாளில் ஆபீஸ் சாப்பாட்டுக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் சொந்தபந்தத்தைக் கூட்டிப்போய் ஆளுக்கொரு தட்டைத் தூக்கித் தராசில் வைக்கச் சொன்னால் நன்றாக இருக்காது.

முதலில் ஓடும் கம்பி. இந்த மாநிலத்தின் தெற்கே பாம்பா புல்வெளி, அதில் மேய்வது ஆங்கஸ், ஹெர்ஃபோர்ட் போன்ற ஐரோப்பிய மாடுகள், அதனால் இறைச்சியின் தரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. மசாலா ஒன்றும் கிடையாது, கல்லுப்புதான். சுட்டபின் ஒட்டியிருக்கும் உப்பைக் கத்தியின் முதுகால் தட்டிவிட்டு, கம்பியின் நுனியை மேசையில் ஊன்றி மெல்லிசாக அறுப்பார்கள், அறுபடும் துண்டை நாம் ஒரு சின்ன இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை அந்த இடுக்கியைக் கையில் கொடுத்தபோது இதை வைத்து என்ன செய்வது என்று நான் விழித்ததைப் பக்கத்து மேசைக் குழந்தை பார்த்துச் சிரித்தது. வெளியூர்க்காரர்கள் மாட்டின் பின்பக்க மேல்துண்டான பிக்கான்யா, பிக்கான்யா என்று பறப்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு உயிர் ‘கோஸ்டெலா’தான், விலா எலும்போடு மணிக்கணக்கில் மெல்ல வெந்தது. திமில் கறிக்கு ‘குப்பீம்’ என்று பெயர். திமில் இருக்கிறது என்றால் அது நம் பக்கத்து மாட்டு இனம், பிரேசிலின் மேய்ச்சல் நிலங்களை நிறைத்திருக்கும் ‘நெலோரே’ மாட்டின் பெயரே நம் நெல்லூர்தான்.

சரி, இவ்வளவு நல்ல கடையில் என்ன குறை? காத்திருப்பதுதான். கம்பி ஓடுகிறது என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எது எப்போது நம் மேசைக்கு வரும் என்பது நம் கையில் இல்லை. முதலில் சாசேஜ் வரும், அப்புறம் கோழி இதயம், அப்புறம் கோழிக்கால், பன்றி, பூண்டு ரொட்டி. பசியோடு உட்கார்ந்தவன் இதையெல்லாம் வாங்கித் தின்றுவிடுவான். நல்ல துண்டு வரும்போது வயிற்றில் இடம் இருக்காது. இதில் ஒரு தந்திரமும் இல்லை என்று சில நண்பர்கள் வாதாடுகிறார்கள், எது வெந்ததோ அது வருகிறதாம். இருக்கலாம். ஆனால் போன வருஷம் அப்பா அம்மாவோடு ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) அடுப்புக்கு நேர் எதிர் மூலையில் மேசை கொடுத்தார்கள். கோஸ்டெலாக் கம்பி மூன்று முறை அடுப்பை விட்டுக் கிளம்பியதை என் கண்ணால் பார்த்தேன், மூன்று முறையும் பாதி ஹாலிலேயே எலும்பாகித் திரும்பியது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னால் ‘ஜா வெம்’, இதோ வருகிறது என்றார். வந்தது இன்னொரு தட்டு கோழி இதயம். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாயசத்துக்குக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்போமே, அந்தக் கதைதான், வித்தியாசம் என்னவென்றால் இங்கே முழுக்காசு கொடுத்திருக்கிறோம்.

கோழிக்கடையில் இதற்கு நேர்மாறு. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சுற்று எல்லாமே மேசைக்கு வந்துவிடும், அப்புறம் எது தீர்ந்ததோ அதை மட்டும் கேட்டால் போதும். முதலில் கோழிச்சாறில் மிதக்கும் ‘அன்யோலினி’ சூப், உள்ளே பூரணம் வைத்து மடித்த குட்டிக் குட்டி மாவுத்துண்டுகள். குளிர்காலத்தில், ஜூன் ஜூலையில் வெளியே பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது இந்த ஒரு கிண்ணத்துக்கே போகலாம். பிறகு ‘ரடிச்சி’ என்னும் கசப்புக்கீரை, வினிகர் தெளித்து, மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துணுக்குகளோடு. கூடவே உருளைக்கிழங்கு மயோனைஸ், இரண்டு வகை பாஸ்தா, பொரித்த பொலெண்டா. பொலெண்டா என்றால் மக்காச்சோளக் களிதான், ஆறவைத்துத் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தால் வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி. கடைசியில் கதாநாயகன், ‘கலெட்டோ’. ஒரு மாதக் குஞ்சு என்றே சொல்லலாம், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வெள்ளை ஒயின், பூண்டு, சால்வியா இலையில் ஊறி, கரியடுப்பில் சுழன்று வெந்து வரும். போர்டுகளில் ‘அல் ப்ரிமோ கான்டோ’ என்று எழுதியிருப்பார்கள், முதல் கூவலில் பிடித்தது என்று அர்த்தம். 1875-இலிருந்து வெனெட்டோ பக்கமிருந்து வந்து இந்த மலையில் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் சின்னப் பறவைகளை வேட்டையாடிச் சுட்டு, களியோடு தின்றவர்கள். பறவையும் குறைந்து வேட்டைக்கும் தடை வந்ததும் அதே கம்பியில் கோழிக்குஞ்சு ஏறியது என்று இங்கே சொல்வார்கள்.

ஒன்றைத் திரும்பக் கேட்டால் வருகிறது என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஐந்து பேர் மேசையில் ஐந்து விதமான வயிறு. என் பையனுக்குப் பொலெண்டாவைத் தவிர எதுவும் இறங்காது, அவனுக்கு மூன்று தட்டு பொலெண்டா வந்தது, பரிமாறிய பெண்மணி முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அப்பாவுக்குச் சூப் மட்டும் நாலு கிண்ணம். ஓடும் கம்பிக் கடையில் மாடு சாப்பிடாதவர் சாலட் மேசைக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே பனங்குருத்து மாதிரியான ‘பல்மீட்டோ’, சோறு, பீன்ஸ், இலவங்கப்பட்டை தூவிச் சுட்ட அன்னாசி எல்லாம் உண்டு, பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனாலும் கம்பி நெருங்கும்போதெல்லாம் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று சொல்லியே அம்மாவுக்கு அலுத்துவிட்டது. பச்சை என்றால் கொண்டுவா, சிவப்பு என்றால் போதும் என்று மேசையில் அட்டை வைக்கும் கடைகளும் உண்டுதான், ஆனால் ஒரு மேசைக்கு ஒரே அட்டை என்றால் அவரால் அதைத் திருப்பி வைக்கவும் முடியாது.

ஆனால் கோழிக்கடை என்றதும் மாடும் பன்றியும் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். அன்யோலினி பூரணத்தில் சில இடங்களில் கோழியோடு மாட்டிறைச்சியும் கலப்பார்கள், ஆர்டருக்கு முன்னாலேயே கேட்க வேண்டும். கீரையை ‘செம் பேக்கன்’, பன்றிக்கொழுப்பு இல்லாமல் என்று சொல்லித் தனியாக வாங்கலாம். இன்னொன்று, இங்கே ‘கார்னே’ என்றால் பெரும்பாலும் சிவப்பு இறைச்சி மட்டுமே அவர்கள் மனதில் வருகிறது. கார்னே வேண்டாம் என்று சொன்ன என் சைவ நண்பருக்கு அன்போடு கோழி கொண்டுவந்து வைத்தார்கள். முழுச் சைவத்துக்கு இரண்டு கடையுமே வீண்செலவு, பாஸ்தாவும் களியும் தின்ன முழுக்காசு கொடுப்பதற்கு வீட்டிலேயே சமைக்கலாம்.

இனிப்பில் இரண்டும் ஒன்றுதான், ‘சாகு’. நம் ஜவ்வரிசியேதான், சிவப்பு ஒயினில் கிராம்பு, பட்டை, சர்க்கரை போட்டு வேகவைத்து, மேலே பால் கிரீம் ஊற்றுவார்கள். மரவள்ளியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கிருந்து நம்மிடம் வந்து சேலத்தில் ஜவ்வரிசியானது, இங்கே ஒயினில் ஊறுகிறது. அம்மா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார், கலர் எதனால் என்று கேட்டபோது திராட்சை என்று மட்டும் சொன்னேன்.

கிராமாடோ பக்கம் ஜெர்மன் வழிவந்த ‘கஃபே கொலோனியல்’, நாற்பது ஐம்பது தட்டில் கேக், சாசேஜ், ஜாம் என்று மேசையை நிறைக்கும் சமாச்சாரம், அதற்கு ஒரே ஒரு தடவைதான் போனேன். பாதி மேசை தொடாமலே போனது, மனசு கேட்கவில்லை. பக்கத்து மாநிலக் கடலோர ஊரான ஃப்ளோரியானோபோலிஸில், ஒன்றன்பின் ஒன்றாக இறால் தட்டுகள் வரும் வரிசைச் சாப்பாடும் ஒரு தடவைதான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே ஹிபெய்ராவ் டா இல்யா பகுதியில் தின்ற சிப்பி இன்னும் நாக்கில் நிற்கிறது.

எனவே குடும்பம், குழந்தை, மாடு சாப்பிடாத ஒரு ஆள் என்றால் யோசிக்காமல் கோழிக்கடை, ஞாயிறு என்றால் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள். மூன்று நான்கு பேர், எல்லாரும் இறைச்சிக்காரர்கள், வாரநாள் ராத்திரி, அடுப்புக்குப் பக்கத்து மேசை கிடைக்கிறது என்றால் ஓடும் கம்பிக்கு நானே வருகிறேன். மச்சினன் ஆகஸ்டில் மறுபடி வருகிறான், களி என்று சொன்னாலே எழுந்து போகிற ஆள், அவனுக்காக அடுப்புப் பக்கத்து மேசையை இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.