இடைப்படங்களை யார் வரைவது: கணினியா, கையா?

நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும் படத்தில், ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு ஃபிரேம்களுக்கு நிறுத்திவைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் வேண்டும். அசைவின் தொடக்கம், உச்சம், முடிவு ஆகிய முக்கிய நிலைகளை மூத்த ஓவியர் வரைவார். இடையில் வரும் இடைப்படங்களை உதவி ஓவியர்கள் நிரப்புவார்கள். செல்லுலாய்டு காலத்து வழக்கம் இது. இருபரிமாணக் கணினி அனிமேஷனின் வழிகள் பிரிவதும் இந்த இடத்தில்தான்: இடைப்படங்களைக் கணினியிடம் ஒப்படைப்பதா, திரையின் மீதே என்றாலும் ஒவ்வொன்றையும் கையால் வரைவதா?

முதல் வழியான ட்வீனிங்குக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் நெஸ்டர் பர்ட்னிக்கும் மார்செலி வைனும் உருவாக்கிய மென்பொருளில், ஓவியர் இரு கீஃப்ரேம்களை, அதாவது முக்கிய நிலைகளை, வரைந்து தந்தால் இடைப்பட்டவற்றைக் கணினியே கணக்கிட்டது. அதைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் இயக்கிய ‘ஹங்கர்’ 1974இல் கான் திரைவிழாவில் நடுவர் குழுப் பரிசு பெற்றது. உண்ண உண்ணப் பசி அடங்காத ஒருவனைக் காட்டும் அப்படத்தில் கோடுகள் உருகி, ஓர் உருவம் இன்னோர் உருவமாக வழிந்தோடுகிறது. கணினியின் இயல்பையே கதையின் மொழியாக்கிய அந்தத் துணிவை நான் இன்றும் வியக்கிறேன்.

ஆனால் அந்த இயல்பு எல்லா அசைவுக்கும் பொருந்தாது. பக்கவாட்டில் நீட்டிய 10 செ.மீ. நீளக் கை ஒன்றையும், அதே கை தலைக்கு மேல் செங்குத்தாக உயர்ந்த நிலையையும் வரைந்து, நடுப்படத்தைக் கணினியிடம் கேட்டுப் பாருங்கள். வெறும் வடிவ ட்வீனிங்கில் விரல்நுனி வட்டப் பாதையில் போகாமல், இரு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோட்டில் போகும். அதனால் பாதி வழியில் கை ஏறக்குறைய 7 செ.மீ. அளவுக்குச் சுருங்கிப் பிறகு நீளும். பார்ப்பவரின் கண் இதை உடனே பிடித்துவிடும். கையால் வரைபவர் தோள்மூட்டை மையமாக வைத்து, வில்லாக வளையும் பாதையிலேயே நடுப்படத்தை அமைப்பார்.

இக்குறைக்கு 1976இலேயே பர்ட்னிக்கும் வைனும் ஒரு தீர்வை வெளியிட்டனர்: உருவத்தினுள் ஓர் எலும்புக்கூட்டை வைத்து அதை அசைத்தால், ஓவியம் அதைப் பின்தொடரும். இதற்கு நெருங்கிய உறவுதான் இன்று தொலைக்காட்சித் தொடர்களில் பரவலாக உள்ள கட்-அவுட் ரிக். தலை, மேற்கை, முன்கை, விரல்கள் எனத் தனித்தனியே வரைந்து மூட்டுகளில் இணைத்துவிட்டால், கை சுருங்காமல் சுழலும். அதே பாத்திரம் நூறு காட்சிகளுக்கும் உதவும். ஆனால் முகம் பக்கவாட்டிலிருந்து முன்பக்கமாகத் திரும்ப வேண்டிய நொடியில் ரிக் திணறுகிறது. அங்கே புதிதாக வரையப்பட்ட முகங்களைச் செருகியே ஆக வேண்டும்.

கைவழியும் கணினியைத் தள்ளிவைக்கவில்லை. டிஸ்னியின் கேப்ஸ் அமைப்பு, காகிதத்தில் வரைந்தவற்றை ஸ்கேன் செய்து வண்ணமிடவும் அடுக்கவும் கணினியைப் பயன்படுத்தியது. 1990இல் வந்த ‘தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்’ முழுவதும் அவ்வாறே உருவானது. அசைவு மட்டும் ஓவியர் கையிலேயே இருந்தது. சில ஆண்டுகளில் இணையத்துக்கு வந்த ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருள் மறுதிசையில், ட்வீனிங் பக்கம், போனதற்கு வலுவான காரணம் கோப்பின் அளவு: ட்வீன் செய்த நகர்வுக்கு ஒரு வெக்டர் உருவமும் (கணிதக் கோடுகளாகச் சேமித்த உருவம்) அது நகரும் விதமும் போதும், ஃபிரேம் ஃபிரேமாக வரைந்தால் ஒவ்வோர் ஓவியத்தையும் மெதுவான மோடம் சுமக்க வேண்டும்.

நீர், துணி, தீ, திரும்பும் முகம் ஆகியவற்றுக்கு நான் தயங்காமல் கைவழியையே சொல்வேன். உட்கார்ந்து பேசும் காட்சிகளுக்கு ரிக் போதும். புதிதாகக் கற்பவர், இலவசமாகக் கிடைக்கும் வரைகலை மென்பொருள்களான கிரிட்டாவிலோ பென்சில்2டியிலோ துள்ளும் பந்து ஒன்றை முதலில் கையால் வரைய வேண்டும். உச்சியில் பந்துகள் நெருங்கியும் தரையருகே விலகியும் அமைவதைக் கை பழகிய பிறகு இடைப்படங்களைத் தானே கணக்கிடும் சின்ஃபிக் மென்பொருளைத் திறந்தால், சீரான இடைவெளியில் நகரும் பந்து உயிரற்றுத் தெரியும்; வேகம் கூடிக் குறைவதைக் காட்டும் வேக வளைவை எங்கே வளைக்க வேண்டும் என்பதும் அப்போது அவருக்கே தெரிந்திருக்கும்.