ஆலிவர் கானா, யென்ஸ் லேமனா?

கோல்கீப்பர் வேலையில் இருக்கிற பெரிய கொடுமை, அணியில் அதற்கு இடம் ஒன்றே ஒன்றுதான் என்பது. ஸ்ட்ரைக்கர் இரண்டு பேர் நன்றாக ஆடினால் இரண்டு பேரையும் இறக்கலாம், ஒருவரை ஓரமாக ஆட வைக்கலாம், எழுபதாவது நிமிடத்தில் மாற்றிப் பார்க்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வழியே கிடையாது. முதல் ஆள் ஊரறிந்தவர், இரண்டாவது ஆள் வருடக்கணக்கில் பயிற்சி மட்டும் செய்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தே ரிட்டயர் ஆகலாம். ஜெர்மனியில் 1969-ல் ஐந்து மாத இடைவெளியில் பிறந்த இரண்டு பேர் அந்த ஒரு இடத்துக்காக வருடக்கணக்கில் மோதினார்கள். ஆலிவர் கான், யென்ஸ் லேமன். யார் பெரியவர் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொத்த ஆட்ட வாழ்க்கையையும் தராசில் வைத்தால் கான். 2006 உலகக் கோப்பைக்கு யாரை நிறுத்தியிருக்க வேண்டும் என்று கேட்டால் லேமன். இரண்டையும் ஒரே ஆள் சொல்லலாம், தப்பில்லை.

கான் கார்ல்ஸ்ரூஹே ஊர்க்காரர், அந்த ஊர் அணியிலேயே சின்ன வயதிலிருந்து வளர்ந்தவர். 1987-ல் புண்டஸ்லிகாவில், அதாவது ஜெர்மனியின் முதல் தர லீக்கில், முதல் ஆட்டம், எதிரணி கொலோன், வாங்கியது நான்கு கோல். அதற்கப்புறம் நிலையான இடம் பிடிக்கவே சில வருடம் ஆனது. 1993-ல் ஐரோப்பிய கிளப்கள் மோதுகிற யூஇஎஃப்ஏ கோப்பையில் அந்தச் சின்ன அணி ஸ்பெயினின் வலென்சியாவை 7-0 என்று அடித்து அனுப்பியபோதுதான் ஐரோப்பா அவரைத் திரும்பிப் பார்த்தது. மறு வருடம் பேயர்ன் மியூனிக். போன முதல் சீசனிலேயே முழங்காலில் தசைநார் கிழிந்து பல மாதம் வெளியே. திரும்பி வந்து 2008 வரை அந்தக் கோல் போஸ்ட்டை விட்டு நகரவில்லை. எட்டு லீக் பட்டம், ஆறு ஜெர்மன் கோப்பை, மொத்தம் 557 புண்டஸ்லிகா ஆட்டங்கள்.

லேமனின் பாதை இப்படி நேராகப் போகவில்லை. எஸ்ஸன் ஊரில் பிறந்தவர், பத்து வருடம் ஷால்கே. 1993-ல் லெவர்குசன் ஆட்டத்தில் பாதியிலேயே மூன்று கோல் வாங்கி, பயிற்சியாளர் இடைவேளையில் மாற்றிவிட, ஆட்டம் முடியும் வரை கூட இருக்காமல் ரயிலேறி வீட்டுக்குப் போய்விட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 1997-ல் அதே ஷால்கே யூஇஎஃப்ஏ கோப்பையை ஜெயித்தபோது, இன்டர் மிலனோடு பெனால்டி ஷூட் அவுட்டில், ஸமோரானோ அடித்ததைத் தடுத்தவர் லேமன். அந்த வருடம் டிசம்பரில் பரம எதிரி டார்ட்மண்டின் மைதானத்தில், தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில், தன் கோல் போஸ்ட்டை விட்டு முன்னால் ஓடி வந்து தலையால் முட்டி கோல் போட்டு 2-2 என்று சமன் செய்தார். பெனால்டி இல்லாமல், ஓடுகிற ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பர் கோல் போட்டது புண்டஸ்லிகாவில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் ஏசி மிலன். அங்கே சில ஆட்டங்களிலேயே கதை முடிந்து, 1999 ஜனவரியில் ஜெர்மனிக்குத் திரும்பினார். திரும்பியது எங்கே? அந்த டார்ட்மண்டுக்கே. ஷால்கே ரசிகர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, டார்ட்மண்ட் ரசிகர்களும் அவரை உடனே மடியில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் 2002-ல் அவர்களுக்கு லீக் பட்டம் வாங்கிக்கொடுத்த அணியின் கோல்கீப்பர் அவர்தான்.

பெரிய மேடை என்று வந்தால் கானை விட்டு நகர முடியாது. 1999 மே மாதம் பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி, தொண்ணூறு நிமிடம் முடிந்து பேயர்ன் 1-0 என்று முன்னால் நிற்கிறது, கூட்டிய நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கார்னரில் இரண்டு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு பல அணிகள் கலைந்தே போயிருக்கும். இரண்டு வருடம் கழித்து அதே கான் மிலன் சான் சீரோவில் வலென்சியாவுக்கு எதிராக இன்னொரு இறுதிப்போட்டியில் நிற்கிறார், 1-1, ஷூட் அவுட். ஸஹோவிச், கர்போனி, பெல்லெகிரினோ என்று மூன்று பேரின் பெனால்டியைத் தடுத்தார். கர்போனி அடித்தது அவர் கையில் பட்டுக் குறுக்குக் கம்பியில் மோதித் திரும்பியது. கடைசிப் பெனால்டியைத் தடுத்த கையோடு, எல்லாரும் தன்னை நோக்கி ஓடி வருகிற நேரத்தில், அழுதுகொண்டிருந்த எதிரணி கோல்கீப்பர் கனிசாரஸிடம் போய் அவரைத் தேற்றினார். மற்ற நாளில் எதிராளி மேல் காலைத் தூக்கிப் பாய்கிற, டார்ட்மண்ட் ஸ்ட்ரைக்கர் ஹெர்லிக்கின் கழுத்துப் பக்கம் வாயைக் கொண்டு போன மூர்க்கன்தான் அவர். எதிரணி மைதானங்களில் அவர் மேல் வாழைப்பழம் எறிவார்கள், ஃபிரைபர்க்கில் ஒரு தடவை கோல்ஃப் பந்து வந்து தலையைக் கிழித்தது. ஆனால் கையுறை போட்டு நிற்கிறவனின் வலி இன்னொரு கையுறைக்காரனுக்குத்தான் முழுசாகத் தெரியும், அன்றைக்கு அவர் போய் நின்றது அதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

2002 உலகக் கோப்பை. அந்த ஜெர்மன் அணி அப்படியொன்றும் பிரமாதமான அணி இல்லை. நாக் அவுட் சுற்றில் பராகுவே, அமெரிக்கா, தென் கொரியா மூன்று பேரையும் 1-0, 1-0, 1-0 என்றுதான் தாண்டியது. இறுதிப்போட்டி வரை வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் அயர்லாந்தின் ராபி கீன் ஆட்டம் முடிகிற நேரத்தில் போட்டது. அந்த அணியைத் தோளில் தூக்கி, இறுதிப்போட்டி நடந்த யோகோஹாமா வரை கொண்டு வந்தவர் கான்தான். அங்கே எதிரணி பிரேசில். 67-வது நிமிடத்தில் ரிவால்டோ தரையோடு அடித்த பந்து நேராக அவரிடம் வருகிறது, நூறில் தொண்ணூற்றொன்பது தடவை அவர் மார்போடு அணைத்துக்கொள்ளக்கூடிய பந்து, கையில் பட்டு முன்னால் நழுவுகிறது, தான் இழந்த பந்தைத் தானே ஜெர்மன் ஆட்டக்காரரின் காலிலிருந்து பிடுங்கி ரிவால்டோவிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்த ரொனால்டோ அதைத் தட்டி உள்ளே போடுகிறார். அந்த ஆட்டத்திலேயே கானின் விரல் தசைநாரில் அடிபட்டிருந்தது. அதை அவர் ஒரு சாக்காகச் சொல்ல மறுத்தார். தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்கே கிடைத்தது. உலகக் கோப்பையில் வேறு எந்தக் கோல்கீப்பருக்கும் அது கிடைத்ததில்லை. ஒரு தவறை வைத்து அந்தத் தொடரை எடைபோடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அவர் இல்லாவிட்டால் அந்த அணி இறுதிப்போட்டியை டிவியில்தான் பார்த்திருக்கும்.

இப்போது லேமன் பக்கம். அவருடைய சிறந்த காலம் முப்பத்து மூன்று வயதுக்கு மேல்தான் வந்தது. 2003-ல் டேவிட் சீமனின் இடத்தை நிரப்ப ஆர்சனல் போனார். போன முதல் சீசனிலேயே 38 லீக் ஆட்டமும் ஆடினார், அணி ஒன்றில் கூடத் தோற்கவில்லை. 2005 எஃப்ஏ கோப்பை இறுதிப்போட்டி ஷூட் அவுட்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஸ்கோல்ஸ் அடித்த பெனால்டியைத் தடுத்தார். 2005-06 சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட், யுவென்டஸ், வில்லாரியல் என்று வரிசையாக வந்தவர்களில் யாராலும் அவரைத் தாண்டி ஒரு கோல் போட முடியவில்லை. அரையிறுதியின் கடைசி நிமிடங்களில் வில்லாரியலின் ரிக்கெல்மே அடித்த பெனால்டியையும் தடுத்தார். அந்தப் போட்டித்தொடரில் 850 நிமிடங்களுக்கு மேல் கோல் வாங்காமல் நின்றார். பாரிஸ் இறுதிப்போட்டியில் பதினெட்டாவது நிமிடத்தில் பாக்ஸுக்கு வெளியே ஓடி வந்து பார்சிலோனாவின் எட்டோவை விழவைத்துச் சிவப்பு அட்டை வாங்கினார். சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் வெளியேற்றப்பட்ட முதல் ஆள்.

அந்தச் சிவப்பு அட்டையில்தான் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது. லேமன் முன்னால் வருகிறவர். தன் டிஃபெண்டர்களுக்குப் பின்னால் திறந்து கிடக்கிற இடம் தன் பொறுப்பு என்று நினைப்பவர், காலில் பந்து வந்தால் பதறாதவர், உயரப் பந்துக்குக் கூட்டத்துக்குள் குதிப்பவர். அப்படி வருகிறவன் ஒரு நொடி பிந்தினால் பாரிஸில் நடந்ததுதான் நடக்கும். கான் கோட்டில் நிற்கிறவர். நேருக்கு நேர் வந்த ஸ்ட்ரைக்கருக்கு எதிராகவும், அருகிலிருந்து அடித்த பந்துக்கும் அவரைப் போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு முன்னால் டிஃபென்ஸ் ஆழத்தில் நிற்க வேண்டும்.

2004-ல் ஜெர்மன் அணிக்குப் பயிற்சியாளராக வந்த கிளின்ஸ்மன் டிஃபென்ஸை நடுக்கோடு பக்கம் தள்ளி ஆட வைக்க நினைத்தார். கேப்டன் பட்டையைக் கானிடமிருந்து எடுத்து பல்லாக்கிடம் கொடுத்தார், இரண்டு கோல்கீப்பரையும் மாற்றி மாற்றி இறக்கினார். கானுக்காக வெளிப்படையாகப் பேசிய கோல்கீப்பர் பயிற்சியாளர் செப் மேயரை அனுப்பிவிட்டு ஆந்திரியாஸ் கோப்கேயைக் கொண்டு வந்தார். அதே வருடம் பிப்ரவரியில் ரியல் மாட்ரிட்டின் ராபர்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக் கானின் உடம்புக்கு அடியில் நழுவி உள்ளே போயிருந்தது, வயது தெரிய ஆரம்பித்திருந்தது. லேமனின் கணக்கும் அப்பழுக்கில்லாமல் இல்லை, 2006 மார்ச்சில் இத்தாலியிடம் 4-1 வாங்கியபோது நின்றவர் அவர்தான். ஏப்ரல் 7 அன்று முடிவு வந்தது: லேமன்.

எனக்கு அந்த முடிவு அன்றும் சரி, இன்றும் சரி. ஆட்ட முறையை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள், பெயரை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அர்ஜென்டினாவோடு காலிறுதி ஷூட் அவுட்டில் அது பலனும் கொடுத்தது. யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று ஓட்டல் தாளில் கோப்கே எழுதிக் கொடுத்த குறிப்பு லேமனின் காலுறைக்குள் இருந்தது. ஒவ்வொரு பெனால்டிக்கும் முன்னால் அவர் அதை எடுத்துப் பார்த்தார். அயாலா அடித்ததைத் தடுத்தார், அவர் பெயர் தாளில் இருந்தது. கடைசியாக வந்த கம்பியாசோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. ஆனாலும் லேமன் நிதானமாக எடுத்துப் படித்துவிட்டு மடித்து வைத்தார், அவர் அடித்ததையும் தடுத்தார். அந்தத் தாள் பிறகு தொண்டு நிறுவனத்துக்காக பத்து லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது.

ஆனால் அந்த நாளில் கான் செய்ததைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஷூட் அவுட்டுக்கு முன்னால் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, தன் இடத்தைப் பிடித்தவரின் கையைப் பிடித்து வாழ்த்தினார். தங்கப் பந்து வாங்கியவர், சொந்த நாட்டில் நடக்கிற உலகக் கோப்பையில் 12-ம் எண் சட்டை போட்டு உட்கார ஒப்புக்கொண்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கேப்டனாக இறங்கி, போர்ச்சுகலை 3-1 என்று ஜெயித்து, 86-வது ஆட்டத்தோடு நாட்டு அணியிலிருந்து விடைபெற்றார். லேமனுக்குக் கணக்கு 61.

முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. கான் 2008-ல் லீக், கோப்பை இரண்டையும் வாங்கிவிட்டு, பிறகு நடந்த பிரியாவிடை ஆட்டத்தைத் தவிர்த்தால் பேயர்ன் சட்டையில் கடைசியாக ஆடியது நம் கொல்கத்தாவில், மோகன் பகானுக்கு எதிராக, சால்ட் லேக் மைதானத்தில் லட்சம் பேருக்கு மேல் கூடிய கூட்டத்தின் முன்னால். அதே சீசனில் ஆர்சனலில் லேமன் தன் இடத்தை அல்முனியாவிடம் இழந்து பெஞ்சில் இருந்தார், ஆனால் ஜெர்மனிக்கு மட்டும் முதல் கோல்கீப்பராக யூரோ இறுதிப்போட்டி வரை போய் ஸ்பெயினிடம் 1-0 என்று தோற்றார். பிறகு ஸ்டுட்கார்ட்டில் இரண்டு வருடம். அதற்கும் அப்புறம், 2011-ல் ஆர்சனலின் கோல்கீப்பர்கள் வரிசையாகக் காயப்பட, 41 வயதில் திரும்பி வந்து பிளாக்பூலில் ஒரு லீக் ஆட்டம் ஆடினார், அணி 3-1 என்று ஜெயித்தது.

கோல்கீப்பராக வர ஆசைப்படுகிற பையன் யாரைப் பார்த்துக் கற்க வேண்டும் என்று கேட்டால், ஆட்ட முறைக்கு லேமனைப் பார்க்கச் சொல்வேன். இன்று பந்தைக் காலில் வாங்கத் தெரியாத, பாக்ஸை விட்டு வெளியே வரத் தயங்குகிற கீப்பரைப் பெரிய அணி எதுவும் எடுக்காது. 1999-க்குப் பிறகு 2001-க்கு எப்படி வந்து சேர்வது என்பதற்குக் கானைப் பார்க்கச் சொல்வேன்.