ரிங் ஃபிரேம் கமிஷனிங் சேவை: நேரத்தை எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்?

ரிங் ஃபிரேம் என்பது பஞ்சிழையை முறுக்கி நூலாக்கும் மெஷின்; அதை நிறுவி ஓட்டத்துக்குக் கொண்டுவருவது கமிஷனிங். அனுபவமுள்ள ஃபிட்டர்கள் சேர்ந்து நடத்தும் கோவை எரெக்‌ஷன் குழு ஒன்றின் வேலை இது. மெஷின் 1,200 ஸ்பிண்டில் (நூல் சுற்றும் கதிர்), ஓட்டுவது 40-ஆம் நம்பர் கோம்டு நூல் (சீவிய பஞ்சின் நூல்). மதிப்பெண்: 5-க்கு 4.

70 மி.மீ. கேஜில் (அடுத்தடுத்த ஸ்பிண்டில்களின் இடைவெளி) பக்கத்துக்கு 600 ஸ்பிண்டில் என்றால் அந்த வரிசை மட்டுமே 42 மீட்டர். மெஷின் வந்து இறங்குவதற்கு முன்பே முழு நீளத்துக்கும் தரைமட்டம் எடுத்து, கட்டடத்தின் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (கட்டடம் விரிந்து சுருங்க விடும் இடைவெளி) அடியில் வருகிறதா என்றும் பார்த்துவிட்டார்கள். லெவலிங் ஒருபுறம் நடக்க, கேபிள், எர்த்திங், ஏர் லைன் வேலைகள் மறுபுறம் முடிந்தன. பெல்ட் மாட்டும் முன்பே மோட்டார் சுற்றும் திசையைச் சோதித்தார்கள். நாட்களைக் குறைக்க வேண்டிய இடம் இதுதான்.

ஸ்பிண்டில் சென்டரிங்கில் அவசரமே இல்லை. காலியாக ஓட்டியபின் மறுபடி சரிபார்த்தார்கள். ரிங்கின் (ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள வளையத்தின்) நடுவில் ஸ்பிண்டில் நிற்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் நூலின் இழுவிசை மாறும்; அந்த இடத்தில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

ஆர்டர் நெருக்கடியில் பல மில்கள் கை வைப்பது ரிங் ரன்னிங்-இன்னில், அதாவது புது ரிங்கைக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பழக்கும் கட்டத்தில். புது ரிங்கில் பஞ்சிழையின் மெழுகுப் படலம் இன்னும் படிந்திருக்காது. உடனே நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்குப் போனால் ட்ராவலர் (ரிங்கின் மேல் ஓடி நூலை வழிநடத்தும் சிறு கொக்கி) கருகும், ரிங் தடத்தில் கீறல் விழும். பிறகு என்ன ட்ராவலர் போட்டாலும் ஆயுள் வராது. ரிங்கையே மாற்ற வேண்டும். இவர்கள் 14,400-இல் தொடங்கி, ஆரம்பத்து ட்ராவலர்களைச் சீக்கிரமே கழற்றி, வேகத்தைப் படிப்படியாக ஏற்றினார்கள். மேலாளர் கேட்டும் இதைச் சுருக்க மறுத்தது மிகவும் பாராட்டத்தக்கது.

குறை இரண்டு. திட்டத்தில் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டுக்கு (காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் அமைப்பு) ஒரு வரிகூட இல்லை. ஈரப்பதம் 55–60 சதவீதத்தில் நிலைக்காமல் ரன்னிங்-இன் தொடங்கினால் ரோலரில் லேப்பிங் விழும் (இழை சுற்றிக்கொள்ளும்). நூல் அறுவது மெஷினாலா, காற்றாலா என்று பிரித்தறிய முடியாது. ரன்னிங்-இன்னில் செலவாகும் ட்ராவலரும் விலைப்புள்ளியில் சேராது. மொத்தம் 1,200 ஸ்பிண்டிலுக்குப் பல செட் என்றால் அது சில்லறைச் செலவல்ல.

வேலை கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையை மெஷின் ஓடத் தொடங்கிய நாளோடு கட்டாமல், முழு வேகத்தில் நூல் அறுவு அளவு ஒப்புக்கொண்ட வரம்புக்குள் வந்த நாளோடு கட்டுங்கள்.