கை வாக்குவம் பம்ப்: பழைய ஜென்னுக்காக வாங்கினது

புதுப்பேட்டையில் வாங்கின, காத்தை உறிஞ்சி எடுக்கிற, மீட்டர் வச்ச கை பம்ப் இது. பிராண்டுன்னு சொல்ல ஒண்ணும் இல்லை, ஆனா மெட்டல் பாடி. பிளாஸ்டிக் பாடியும் வச்சிருந்தாங்க. கையில எடுத்ததுமே மனசு வரலை.

என் வண்டி 97 மாடல் மாருதி ஜென் கார், கார்புரேட்டர். பிரேக் பெடல் கல்லு மாதிரி, ஐடிலிங்கும் தடுமாறும். மெக்கானிக் பார்த்ததும் "பூஸ்டர் போச்சு சார், மாத்திடலாம்"னுட்டார். இன்ஜின் உறிஞ்சுற வாக்குவத்தை வச்சு பிரேக் மிதியை லேசாக்குறதுதான் பூஸ்டர். அது வேலை செய்யுதான்னு பார்க்க, இன்ஜினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை மிதிச்சு, கால் எடுக்காம ஸ்டார்ட் பண்ணினா பெடல் கொஞ்சம் இறங்கணும். இதுல இறங்கலை.

பம்ப்பை நேரா பூஸ்டர்ல மாட்டி 20 இஞ்ச் (பாதரச அளவு) வாக்குவம் வரை இழுத்தேன். முள் அசையாம நின்னுது. பூஸ்டர் நல்லாத்தான் இருக்கு! செக் வால்வையும் (காத்தை ஒரே பக்கமா மட்டும் விடுறது) பூஸ்டர் பக்க முனையில இழுத்துப் பார்த்தேன், அதுவும் தாங்குச்சு. மிச்சம் மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) இருந்து வர்ற ஹோஸ்தான். கிளாம்ப்புக்கு அடியில விரிசல், வெளியே தெரியவே தெரியாது. அந்த வழியா காத்து உள்ளே போய்த்தான் ஐடிலிங்கும் கெட்டிருக்கு. மாத்தினதும் ரெண்டும் சரி. (தண்ணி ஹோஸை வெட்டி மாட்டாதீங்க, உறிஞ்சும்போது சப்பிப்போகும். வாக்குவம் ஹோஸ்னே கேட்டு வாங்குங்க.)

கூட வர்ற ரப்பர் அடாப்டர்கள் லூஸ். பிரேக் பிளீடிங் (பிரேக் லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்துறது) பண்ற பாட்டில் மூடி கசியுது. பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் போயிடும், அடியில துணி போட்டுக்குங்க.