ஸ்டார் ட்ரெக் புளூ-ரே: கடைசிப் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள்

ஸ்டார் ட்ரெக் பழைய தொடரை (அமெரிக்க விண்வெளி டிவி தொடர், 1966–69, மூன்று சீசன், 79 எபிசோடு) புளூ-ரேயில் வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. மூன்றாம் சீசன் பெட்டியில் கூடுதலாகச் சேர்த்திருக்கும் 'தி கேஜ்' எபிசோடை முதலில் போடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதில் குறையே இல்லை. பழைய விண்கலக் காட்சிகள் வேண்டுமா, பிற்பாடு கம்ப்யூட்டரில் செய்தவை வேண்டுமா என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். நான் பழையதையே வைத்துக்கொண்டேன். எனக்கு வந்த செட்டில் ஒரு டிஸ்க் கழன்று உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. விற்றவர் போனையே எடுக்கவில்லை, நல்லவேளை ஓடியது.

சரி, 'தி கேஜ்'. 1964 கடைசியில் எடுத்த முதல் பைலட், அதாவது சேனலுக்குப் போட்டுக் காட்ட எடுத்த மாதிரி எபிசோடு. கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ஒரு பெண், பெயர்கூட இல்லை, 'நம்பர் ஒன்' அவ்வளவுதான். எல்லோரையும் போல பேன்ட் சட்டை, அலட்டாத முகம். கேப்டன் மாட்டிக்கொண்டதும் கப்பல் அவர் கையில். இத்தனைக்கும் கேப்டன் பைக், உதவியாளராக வந்த வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டு, கப்பலின் மேல்தளத்தில் பெண் இருப்பது தனக்குப் பழகவில்லை என்று இவரிடமே சொல்லி, சட்டென்று "நீங்க வேற மாதிரி" என்று சமாளிக்கிறார். அம்மணியிடமிருந்து ஒரு பார்வைதான் பதில்.

அமெரிக்க டிவி நிறுவனமான என்.பி.சி. அந்த பைலட்டை ஏற்கவில்லை. பெண் அதிகாரி பிடிக்கவில்லை என்றார் தொடரை உருவாக்கிய ராடன்பெரி. பெண் பிரச்சினையில்லை, ராடன்பெரிக்கு வேண்டிய அந்த நடிகைதான் பிரச்சினை என்கிறவர்களும் உண்டு. எப்படியோ, உணர்ச்சி காட்டாத அந்தக் குணம் ஸ்பாக் என்ற ஆண் அதிகாரிக்குப் போய்விட்டது. நடிகை மேஜல் பாரெட் பொன்னிற விக் வைத்துக்கொண்டு நர்ஸ் சேப்பலாகத் திரும்பி வந்தார், போதாக்குறைக்கு அதே ஸ்பாக்கை நினைத்து உருகுகிற நர்ஸாக! இதைத் தெரிந்துகொண்டு முதல் சீசனைப் பார்த்தால் ஒவ்வொரு குட்டைப் பாவாடையும் எரிச்சலாக இருக்கிறது. 1963-லேயே சோவியத் வீராங்கனை தெரஷ்கோவா தனியாக விண்வெளிக்குப் போய் வந்தாகிவிட்டது, இவர்கள் இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் காபி கொண்டுவர ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் ரேண்ட். 'தி எனிமி விதின்' எபிசோடில் (இப்போது கேப்டன் பைக் இல்லை, கிர்க்) கேப்டனின் கெட்ட உருவம் அவள் அறைக்குள் புகுந்து அவளைத் தாக்குகிறது. அவள் அழுதுகொண்டே, உங்களைச் சிக்கலில் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை, இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன் என்கிறாள். எந்த ஆபீஸில் வேலை பார்த்த பெண்ணுக்கும் புரியும் பேச்சு அது, அந்த இடத்தை நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் ஸ்பாக் அவளிடமே, அந்தப் போலியிடம் சில சுவாரசியமான குணங்கள் இருந்தன அல்லவா என்று கேட்கிறார். நான் ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அஸ்தம்பட்டியில் எங்களோடு இருக்கும் அத்தை சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி உஹுரா காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததுமே அவருக்குப் பிடித்துப் போய்விட்டது. நாலைந்து எபிசோடு பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, லைன் குடுக்கறதத் தவுர அந்தப் புள்ளைக்கு வேற வேலையே தர மாட்டாங்களா?" என்றார். உஹுராவாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸுக்கும் அதே ஆதங்கம்தான், விலகப் போனவரை மார்ட்டின் லூதர் கிங் பேசி நிறுத்தினார். கறுப்பினப் பெண் ஒருத்தி அதிகாரியாக அங்கே உட்கார்ந்திருப்பதே அன்று பெரிய விஷயம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அத்தையிடம் அதைச் சொன்னேன். "உட்காந்தாப் போதுமா?" என்றார்.

மூன்றாம் பெட்டியிலேயேதான் தொடரின் கடைசி எபிசோடும் இருக்கிறது, 'டர்ன்அபவுட் இன்ட்ரூடர்', 1969. கேப்டன்களின் உலகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று ஒரு பெண் வெடிக்கிறாள், அவளைப் பைத்தியமாகக் காட்டிக் கதையை முடித்துவிடுகிறார்கள். 'தி கேஜ்' முடிந்த கையோடு இதைப் பார்த்தால் ஐந்தே வருஷத்தில் எவ்வளவு பின்னால் போனார்கள் என்பது தெரியும்.

இதற்காக வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. பாதிக்கு மேல் அருமையான கதைகள், சிலவற்றை எழுதியவர் டி.சி. ஃபொன்டானா, முழுப்பெயர் டாரத்தி, பெண்தான். ஒரே குறை, உஹுரா கப்பலைத் தன் கையில் எடுக்கும் கதை 1973 அனிமேஷன் தொடரில்தான் வருகிறது, இந்தப் பெட்டிகளில் அது இல்லை. அத்தைக்காக அதைத் தனியாக ஆர்டர் போட்டிருக்கிறேன், வேறு கடையில்.